நாற்காலிகள் வெளியே போன நாள்

"சார், கொஞ்சம் எழுந்திருங்க. இந்த நாற்காலி வேணும்."

டெஸ்டர் எழுந்துகொண்டார். நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் யார் எது சொன்னாலும் எழுந்துகொள்வது அவருக்கு இந்த ஏழு மாதத்தில் பழகிப்போயிருந்தது. இரண்டு ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்த ஆட்கள் அதையும் கேட்டார்கள்.

"அப்போ, அந்த ஓரத்து நாற்காலியில உட்காரலாமா?" என்று பணிவாகக் கேட்டார்.

"தாராளமா உட்காருங்க. ஆனா அதுக்கும் வருவோம்."

சொன்னபடியே வந்தார்கள். டெஸ்டர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். அவரோடு தேர்வுக்கு வந்திருந்த இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். ஒருவன் இளைஞன். யாரிடமோ இரவல் வாங்கிய டை இடுப்புக்குக் கீழே தொங்கியது. இன்னொருத்தி கண்ணாடி போட்ட பெண். பிள்ளை பெற்றுச் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வருகிறவள்.

"இதுவும் டெஸ்ட்டா இருக்குமோ அங்கிள்?" என்றான் டைக்காரன். "நிக்க வெச்சு எவ்வளவு நேரம் பொறுமையா இருக்கோம்னு பாக்கறாங்களோ?"

"அங்கிள்" என்ற சொல்லை டெஸ்டர் விழுங்கிக்கொண்டார். போன மாதம் ஒரு கம்பெனியில் கேள்வி கேட்டவனே அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டான். அவனுக்கு முதல் வேலையில் பிழை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். "சொல்லி அனுப்பறோம் அங்கிள்" என்று எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பினான். அந்தக் கம்பெனி இந்தத் தெருவில் எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறது. இன்றுவரை சொல்லியும் அனுப்பவில்லை.

அவர் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் நிரல்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். அதனால்தான் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்கினால்கூட, அது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க மாட்டார், எப்படிக் கெட்டுப்போகும் என்றுதான் பார்ப்பார். அப்படிப்பட்ட கண்.

அந்தக் கண்ணுக்கு ஒன்றே ஒன்று தப்பிவிட்டது. அவர் வேலை பார்த்த பழைய கம்பெனி மூடப்போவது.

அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட்டம் போட்டு, கை குலுக்கி, கண் கலங்கி, படம் எல்லாம் எடுத்துக்கொண்டு பிரிந்திருந்தார்கள். டெஸ்டர் அன்று பின்னறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு போய்ப் பூட்டின கேட்டுக்கு முன்னால் நின்றார். காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஏன் சார், உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

இதை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். மனைவியிடம் சொன்னார். மனைவி தன் அண்ணனிடம் சொன்னாள். அன்று தொடங்கி அந்த வாக்கியம் குடும்பச் சொத்தாகிவிட்டது. கேஸ் தீர்ந்துபோனாலும் சரி, மழைக்குக் குடை மறந்தாலும் சரி, "உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வரும்.

அண்ணனுக்குத் தண்ணீர் மோட்டார் விற்கிற கடை. நல்ல மனிதர்தான். "மாப்பிள்ளை, கல்லாவுக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டிருக்கேன். கூச்சப்படாம வந்து உட்காருங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஒருநாள் உட்கார்ந்தும் பார்த்தார் டெஸ்டர். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மச்சான் அறிமுகம் செய்துவைத்தார்: "நம்ம தங்கச்சி வீட்டுக்காரர். பெரிய கம்ப்யூட்டர் ஆளு. இப்போ சும்மாதான் இருக்கார்."

இன்றைய வேலையும் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அந்த ஸ்டூல்தான் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

ஆகவே அவர் ஃபைலை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டு நின்றார். நின்ற இடத்திலிருந்தே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

முதலில் நாற்காலிகள். பிறகு மூலையில் இருந்த பெரிய செடித்தொட்டி. பிறகு சுவரில் இருந்த பாராட்டுப் பட்டயங்கள், ஊழியர்கள் சேர்ந்து நிற்கிற படங்கள். ஆணியோடு பிடுங்கினார்கள். தரையோரம் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. வரவேற்பு மேஜைப் பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

டெஸ்டருக்கு அந்தப் பூட்டின கேட் ஞாபகம் வந்தது.

இதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அறையில் மேஜை இல்லை. தாடி வைத்த மேனேஜர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து மடிக்கணினியை நிஜமாகவே மடியில் வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். காலையில வந்து பார்த்தா மேஜையைக் காணோம். கேட்டா முதலாளி உத்தரவாம். அவர் எதையும் முன்கூட்டிச் சொல்ற பழக்கமே கிடையாது. நாலு மணிக்கு எல்லாரையும் ஒண்ணா கூப்பிட்டிருக்கார். அப்போதான் எங்களுக்கே தெரியும்."

எல்லோரையும் ஒன்றாக. டெஸ்டரின் காது விறைத்தது.

"சரி, ஒரு கேள்வி. ஒரு லிஃப்ட்டை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி, லிஃப்ட் வந்திருக்கான்னு பாப்பேன் சார்."

"அவ்வளவுதானா?"

"அதுதான் சார் எல்லாமே. கதவு திறந்துச்சு, அதனால லிஃப்ட் இருக்கும்னு நம்பிக் கால் வைக்கிறவன் டெஸ்டர் இல்லை. கண்ணால பாக்காம நான் எதையும் நம்ப மாட்டேன்."

தாடிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "காலையிலேர்ந்து எல்லாரும் பட்டனைப் பத்தியே பேசினாங்க சார். நீங்க ஒருத்தர்தான் பள்ளத்தைப் பத்திப் பேசியிருக்கீங்க. இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?"

டெஸ்டர் கதவு வழியாக வெளியே பார்த்தார். கம்பெனியின் பெயர்ப் பலகையை இரண்டு ஆட்கள் திருகு கழற்றி, தலையும் காலுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"அதை நான் உங்ககிட்ட கேட்கலாம்னு இருந்தேன் சார்" என்றார்.

நல்ல வேடிக்கை என்று மேனேஜர் சிரித்தார். "கொஞ்சம் வெளியில இருங்க. முதலாளி வந்ததும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போகலாம்."

வெளியே வந்த டெஸ்டருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பலகை போய்விட்டால் எல்லாம் போய்விட்டது. ஆனால் இந்த முறை அவர் கடைசி ஆளாக நிற்கப் போவதில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரே ஒரு கேள்வி, அதுவும் நாசூக்காக.

"ஏம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? தப்பா எடுத்துக்காதே."

"கேளுங்க சார்" என்று வரவேற்புப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த மாசச் சம்பளம் வந்துடுச்சா?"

"இன்னும் தேதி ஆகலையே. ஏன் சார்?"

"சும்மாதான் கேட்டேன்."

உலகத்தில் எந்தப் பெண்ணும் நம்பாத சொல் அது. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். "இல்லை சார். நீங்க எதையோ பாத்துட்டுத்தான் கேக்கறீங்க. சொல்லுங்க."

அவளுக்கு அவர் பெற்ற பெண்ணின் வயது. தனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. குரலைத் தாழ்த்தி, நாற்காலி, செடி, படம், பலகை என்று வரிசைப்படி எடுத்துச் சொன்னார். அவள் உட்காரத் திரும்பினாள். அவள் நாற்காலியையும் அதற்குள் எடுத்துப் போயிருந்தார்கள்.

"அழாதேம்மா."

"அழலை சார். காலையிலேர்ந்து ஒரே தும்மல்" என்றாள். பிறகு நிஜமாகவே அழுதாள்.

அவள் அழுகையை நிறுத்த வேண்டுமே என்று ஒரு யோசனை சொன்னார். "மேனேஜர் இருக்கும்போதே அனுபவச் சான்றிதழ்ல ஒரு கையெழுத்து வாங்கிக்கோ. நான் வாங்காம விட்டுட்டு இன்னிவரைக்கும் அலையறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரின்ட் எடுக்கப் போனாள். பழைய இயந்திரம். ஊரைக் கூட்டியது. உள்ளேயிருந்து நிரல் எழுதுகிற பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன பிரின்ட் எடுக்கறே?"

"சும்மாதான்" என்றாள் அவள்.

சற்றுக்கெல்லாம் அந்த இயந்திரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. காகிதம் தீர்ந்துபோய் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். தன்னால் வந்த கூட்டத்தைத் தானே அமைதிப்படுத்துவது முறை என்று டெஸ்டர் உள்ளே போனார்.

"யாரும் பதட்டப்படாதீங்க. இதெல்லாம் எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். கௌரவமா, சத்தம் போடாம, ஒவ்வொருத்தரா வாங்க."

கூட்டம் சட்டென்று ஓய்ந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வழுக்கை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஃபைல்.

"இவர்தான் போலிருக்கு" என்றான் ஒருவன் மெதுவாக. "கணக்கு முடிக்க வந்திருக்கற ஆளு."

"ஐயோ, நான் அப்படி இல்லப்பா! நான் இன்டர்வியூக்கு வந்தவன்!"

"பாத்தியா, எப்படி மறைக்கிறார்னு?"

"சத்தியமா வேலை கேட்டுத்தான் வந்தேன்."

"மூடப்போற கம்பெனியில யாராவது இன்டர்வியூ வைப்பாங்களா சார்?"

நல்ல கேள்வி. டெஸ்டரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு கணம் அவருக்கே தலை சுற்றியது. லிஃப்ட் வந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க அதுதான் சமயம். ஆனால் அதற்குள் பின்னாலேயே வந்திருந்த டைக்காரன் முந்திக்கொண்டான்.

"அது கண்துடைப்பு அண்ணா. வெளியில யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு எங்களை நிக்க வெச்சிருக்காங்க. அதான் உட்காரக்கூட நாற்காலி குடுக்கலை."

இது எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. டெஸ்டருக்கும் பட்டது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்பில் மேஜை இல்லாத தன் அறை ஞாபகம் வந்தது. "இருங்க, முதலாளியையே கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

"நாலு மணிக்கு நம்மளை நிக்க வெச்சு சொல்லப் போறார்" என்றார் மேனேஜர். அவர் தாடி கொஞ்சம் ஆடியது. "ஒன்பது வருஷம் சார். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எதிர்க் கட்டடத்துல இன்னிக்கு ஆள் எடுக்கறாங்க" என்றான் டைக்காரன், டையைச் சரிசெய்துகொண்டே. "நேரா போனாலே போதுமாம். சாயங்காலம் வரைக்கும் உண்டு. நான் இங்க முடிச்சுட்டு அங்க போறதாத்தான் இருந்தேன்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேனேஜர் எல்லோருடைய சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அறைகள் காலியாயின. நிரல் எழுதுகிறவர்கள் போனார்கள். கணக்குப் பார்க்கிறவர் போனார். வரவேற்புப் பெண் தும்மிக்கொண்டே போனாள். தேர்வுக்கு வந்த கண்ணாடிக்காரப் பெண் மட்டும் டெஸ்டரிடம் வந்து, "நீங்க இல்லைன்னா நான் ஏமாந்திருப்பேன் சார். ரொம்ப நன்றி" என்று கை குவித்தாள். அவர் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக மேனேஜர் தோள்பையோடு வந்தார்.

"நீங்க அங்க வரலையா சார்?"

"அங்க எனக்குச் சொல்லி அனுப்பறோம்னாங்க. இன்னும் அனுப்பலை."

மேனேஜர் தலையை ஆட்டினார். "ஒண்ணு சொல்லட்டுமா? வருத்தப்படாதீங்க. அந்த லிஃப்ட் பதில் கேட்டதுமே முடிவு பண்ணிட்டேன். உங்களைத்தான் எடுக்கணும்னு முதலாளிகிட்ட சொல்றதா இருந்தேன். எனக்கே மேலதிகாரி மாதிரி ஆளு நீங்க. என்ன செய்றது, நமக்குக் குடுத்து வைக்கலை."

டெஸ்டர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வந்து ஜன்னலருகே நின்றார். எதிர்க் கட்டடத்தின் வாசலில் எல்லோரும் வரிசையாக நிற்பது தெரிந்தது. காலையில் இவர் நின்றதுபோலவே, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். வேலை கொடுப்பவர் எந்தப் பக்கம், கேட்பவர் எந்தப் பக்கம் என்பது ஒரு தெருவைக் கடக்கிற தூரம்தான் என்று அவருக்குத் தோன்றியது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆள் இல்லை.

வரவேற்பு மேஜையில் தொலைபேசி அடித்தது. அடிக்கிற தொலைபேசியை எடுக்காமல் விடுவதும் ஒரு பிழைதான் என்று எடுத்தார்.

"யாரு? அந்தப் பொண்ணு இல்லையா? நான் முதலாளி பேசறேன். என் போன்ல சார்ஜ் போயிடுச்சு. வர கொஞ்சம் நேரமாகும்னு மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"மேனேஜர் போயிட்டார் சார்."

"எங்க?"

"எதிர்க் கட்டடத்துக்கு. எல்லாருமே போயிட்டாங்க சார். அனுபவச் சான்றிதழை எடுத்துக்கிட்டு ஒழுங்கா, வரிசையா போனாங்க. உங்களைப் பத்தி ஒருத்தரும் தப்பா ஒரு வார்த்தை பேசலை."

மறுமுனையில் மூச்சு வாங்குவது கேட்டது. பாவம், அழுகிறார் போலும் என்று டெஸ்டர் காத்திருந்தார்.

"எதிர்க் கம்பெனிக்காரன் என் ஆளுங்களை இழுக்கப் பாக்கறான்னு ஒருத்தர் சொன்னார். நான்தான் நம்பலை. மொத்தமாவே இழுத்துட்டானா?"

மூடுகிற முதலாளிகள் கடைசியில் யார் மீதாவது பழி போடுவது வழக்கம்தான். டெஸ்டர் குறுக்கே பேசவில்லை.

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே" என்றது அந்தக் குரல்.

"அந்த வலி எனக்குத் தெரியும் சார். மனசைத் தேத்திக்கோங்க."

"ஆளே இல்லாம கம்பெனியை வெச்சு என்ன செய்றது? மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஆமா, நீங்க யாரு?"

"இன்டர்வியூக்கு வந்தவன் சார்."

"நல்ல நாள் பாத்து வந்தீங்க போங்க" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

ஆக, முதலாளி வாயாலேயே கேட்டாயிற்று. டெஸ்டர் வெற்றுக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு? கிடைச்சுதா?"

"இல்லைம்மா. இந்தக் கம்பெனியை மூடறாங்க."

"அடக் கடவுளே. இதையும் போய் நின்னப்புறம்தான் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. நானே கண்டுபிடிச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம் கம்பீரம் வந்திருந்தது. "வேலை பாக்கறவங்களுக்கே தெரியாது. மேனேஜருக்குத் தெரியாது. நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

"நிஜமாவா? உங்களுக்கா முதல்ல தெரிஞ்சுது?"

"எனக்குத்தான்."

"பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். "சரி விடுங்க. அண்ணன்கிட்ட திங்கட்கிழமைலேர்ந்து வர்றீங்கன்னு சொல்லிடட்டுமா?"

அவர் ஸ்டூலை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். அதற்குச் சாய்மானம் கிடையாது.

"சொல்லிடு."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். தோற்றுத்தான் போயிருக்கிறார். ஆனால் தெரிந்து தோற்றிருக்கிறார். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

லிஃப்ட் கதவு திறந்தது. நாற்காலி தூக்கிய அதே இரண்டு பேர் உயரமான ஏணி ஒன்றைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்தது மின்விசிறிகள் என்று டெஸ்டர் துக்கத்தோடு நினைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒருவர், மூடி போட்ட வாளி ஒன்றைச் சுமந்து வந்து கீழே வைத்தார். காலியான கூடத்தைத் திருப்தியோடு சுற்றிப் பார்த்தார். பிறகு டெஸ்டரிடம் வந்தார்.

"சார், கொஞ்சம் சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்க. அப்புறம் சட்டையில ஒட்டிக்கும்."

"என்னப்பா ஒட்டிக்கும்?"

துண்டு கட்டியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெயின்ட் சார். புதுசா ஆளுங்க வர்றாங்கன்னு ஆபீஸ் பூரா புதுசா அடிக்கச் சொல்லி, நேத்து ராத்திரியே சுவத்துல கீழ்ப்பக்கமெல்லாம் சுரண்டி வெச்சுட்டுப் போனோமே. ஏன் சார், உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"